ஆறாவது காயம்

மார்ச் மாதம் பதினாறாம் திகதி, சனிக்கிழமை, முற்பகல் பதினொன்று ஐம்பது. மழை இல்லை. வானம் கழுவாத அலுமினியச் சட்டியின் நிறத்தில் இருந்தது. கிழக்குக் காற்று. ஏழு பாகைக் குளிர்.

கென்ட் கடற்கரையில், வெள்ளைச் சுண்ணப்பாறைச் சுவரின் கீழே, குனிந்தபடி கற்களை எண்ணிக்கொண்டு போனேன். ஆயிரத்து முந்நூற்றுப் பதினாறு, பதினேழு, பதினெட்டு. கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்த கல்லைத்தான் எண்ணுவேன். கண்ணால் மட்டும் பார்த்தது கணக்கில் சேராது.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு கல். உள்ளங்கை அளவு, இருதய வடிவம், மேலே ஐந்து கதிருள்ள நட்சத்திரம். அப்படி ஒன்று ஏற்கெனவே எங்கள் வீட்டில் இருந்தது. இரண்டாவதாக ஒன்று கிடைத்தால் என் அக்காவைச் சத்திரசிகிச்சைக்குச் சம்மதிக்க வைக்கலாம் என்று நம்பினேன்.

திங்கட்கிழமை நண்பகலுக்குள் மருத்துவமனைக்குப் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அக்காவின் இடம் இன்னொருவருக்குப் போய்விடும். மீண்டும் வரிசையில் நிற்கும் அளவுக்கு அவருடைய இருதயத்தில் காலம் இல்லை.

பதின்மூன்று படிகள்

பிலோமினா அக்காவுக்கு எழுபத்தெட்டு வயது. எனக்கு எழுபத்துமூன்று. அத்தான் இறந்த பிறகு சட்டன் நகரில் என் வீட்டுக்கு வந்து தங்கினார். நான் கலியாணம் செய்யாத கதையை இந்த வாராந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன். அக்காவின் ஒரே மகள் ஜெனி, ஃபாரஸ்ட் கேட் பகுதியில் இருக்கிறாள். வாரத்தில் ஐந்து நாள் ஷிப்ட், இரண்டு பிள்ளைகள்.

எங்கள் வீட்டு மாடிப்படிகள் பதின்மூன்று. மார்கழியில் அக்கா ஒன்பதாவது படியில் நின்று மூச்சு வாங்கினார். தையில் ஆறாவது. மாசி முடியும்போது மூன்றாவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஏதோ யோசிப்பவர்போல நிற்பார். கீழே சமையலறையில் நின்று நான் காலடிச் சத்தத்தை எண்ணுவேன். மூன்றுக்குப் பிறகு நாலு வரும்வரை கையில் எடுத்த கரண்டியைக் கீழே வைக்க மாட்டேன்.

வால்வு ஒன்று சுருங்கிவிட்டது, நெஞ்சைத் திறந்து மாற்ற வேண்டும் என்றார் டொக்டர். நூறு பேரில் எத்தனை பேர் பிழைப்பார்கள், செய்யாவிட்டால் எத்தனை பேர் அடுத்த ஆண்டைக் காண்பார்கள் என்று நான் கேட்டேன். அவர் சொன்ன இரண்டு எண்களையும் மனதில் எழுதிக்கொண்டேன். அக்கா தலையாட்டினார். நாள் குறித்து, அதைப் பதினெட்டாம் திகதி திங்கட்கிழமைக்குள் உறுதிசெய்யச் சொன்னார்கள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தக் கோச் பஸ் பயணம் வரும்வரை.

சன்னம் என்று எறிந்தது

கிடங்கில் நான் இருப்புக் கணக்கு எடுத்த பழைய வேலையைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியபோது, கல் பொறுக்கும் பழக்கம் எப்படி வந்தது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நான் விலங்கியல் படித்தவன். படித்ததைப் பயன்படுத்த இந்த நாட்டில் எனக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. கடற்கரையில் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.

சுண்ணப்பாறைக் கரையில் காலில் இடறுவதெல்லாம் பெரும்பாலும் சிக்கிமுக்கிக் கல். மேலே வெள்ளைத் தோல், உடைத்தால் உள்ளே கறுப்புக் கண்ணாடி. எலும்புபோல, கோழிக்கால்போல, குழந்தையின் குதிகால்போல எல்லா வடிவிலும் கிடக்கும். புதியவர்கள் அதையெல்லாம் புதைபடிவம் என்று பையில் போடுவார்கள். வடிவம் ஏமாற்றும். ஒழுங்கைத்தான் பார்க்க வேண்டும். இடமும் வலமும் ஒத்திருக்கிறதா, புள்ளிகள் வரிசையாக ஓடுகின்றனவா, அந்த வரிசைகள் ஐந்தா? ஐந்து என்றால் அது கடல் முள்ளெலி. ஒருகாலத்தில் உயிரோடு இருந்தது.

இன்னொன்று, விரல்நீளத்தில் கூரான முனையோடு தேன் நிறத்தில் கிடைக்கும். கணவாய்க்குத் தூரத்து உறவான ஓர் உயிரின் உடலுக்குள் இருந்த பகுதி. அதை முதன்முதலில் அக்காவின் கையில் கொடுத்தபோது, அவர் ஒரு பார்வைதான் பார்த்தார்.

"சன்னமடா! எறி உதை!"

"அக்கா, இது துவக்கில போடுற குண்டுச் சன்னம் இல்லை. கோடிக்கணக்கான வருசத்துக்கு முந்தின ஒரு..."

"எத்தினை வருசத்துக்கு முந்தினதெண்டாலும் சன்னம் சன்னம்தான். வீட்டுக்குள்ள கொண்டு வரப்படாது."

எறிந்துவிட்டேன். எங்கள் வீட்டில் அந்த வகை மட்டும் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

அக்காவின் காலடியில்

எங்கள் கோயில் பங்கு ஆட்கள் ஆண்டுக்கு ஒருமுறை கோச் பிடித்துக் கடற்கரைக்குப் போவார்கள். போகும்போது செபமாலை, வரும்போது பாட்டு, நடுவில் கட்லட். இந்தமுறை இறைச்சி தவிர்க்கும் தவக்காலத்தில் போனார்கள் என்பதால் கட்லட் மட்டும் மீன். நல்ல காற்று படட்டும் என்று அக்காவையும் கூட்டிப்போனேன். பங்கு இளைஞர் இருவர் தாங்கி இறக்க, கடற்கரைப் படிக்கட்டின் அடியில் மடக்குக் கதிரையைப் போட்டு அவரை இருத்திவிட்டு, நான் வழக்கம்போலக் குனிந்துகொண்டு போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அக்காவின் மடியில் ஒரு கல் இருந்தது.

"என்ரை சப்பாத்துக்குப் பக்கத்தில கிடந்தது. இதை ஒருக்காப் பார் தம்பி."

பார்த்தேன். சிக்கிமுக்கியாக மாறிய கடல் முள்ளெலி. இருதய வடிவ வகை. மேற்புறத்தில் ஐந்து இதழ் நட்சத்திரம் குழிவாக, ஒரு புள்ளிகூடத் தேயாமல் இருந்தது. இரும்புக் கறை ஊறி, ஒரு பக்கத்துக் கீறலில் செம்பழுப்பு நிறம் வழிந்திருந்தது.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அக்கா! பதினொரு வருசமா வாறன், இப்பிடி முழுசா ஒண்டு எனக்குக் கிடைக்கேல்லை!" என்று கத்தினேன். பாதி உடைந்தவையும் தேய்ந்தவையும் என்னிடம் பதினேழு இருந்தன. முழுமையான ஒன்றைக் கண்ட மகிழ்ச்சி எனக்கு.

அக்கா சிலுவை அடையாளம் போட்டார். அவர் பார்த்தது முள்ளெலியை அல்ல. எங்கள் முன்னறையில், சிவப்பு பல்ப்பின் கீழே மாட்டியிருக்கும் ஆண்டவரின் திரு இருதயப் படத்தை. இருதயம், ஐந்து காயம், விலாவிலிருந்து வழியும் இரத்தம். கல்லில் இல்லாதது எதுவும் இல்லை.

கோச்சில் கல் இருக்கைக்கு இருக்கை போனது. எல்லோரும் முத்தமிட்டார்கள். நாற்பத்தொரு பேர். அடுத்த நாள் பூசை முடிந்து பன்னிரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு வெள்ளை லேஸ் துணியின் மேல் கல் ஏறியது.

செவ்வாய்க்கிழமை தேநீர் குடிக்கும்போது அக்கா சொன்னார்.

"எனக்கு வெட்டுத் தேவையில்லை. அந்த ஆஸ்பத்திரிப் பிள்ளைக்குச் சொல்லிவிடு."

"ஏன்?"

"ஆண்டவற்றை இருதயத்தில ஐஞ்சு காயம், அது காணும். என்ரையில ஆறாவது எதுக்கு?"

கணக்குகள்

அந்த வாரம் முழுவதும் நான் அக்காவுக்கு எண்களாகச் சொல்லித் தீர்த்தேன். டொக்டர் சொன்ன இரண்டு எண்கள். படிகளின் எண்கள். கல்லின் வயது எட்டுக் கோடி ஆண்டுகள் என்று சொன்னேன். அப்போது மனிதனே இல்லை, ஆகவே திரு இருதயமும் இல்லை என்றேன்.

"அவர் உலகம் உண்டாக முந்தியே இருந்தவர்," என்றார் அக்கா. "மறைக்கல்வி வகுப்பில நீ நித்திரை."

புதன்கிழமை ஜெனி தொலைபேசியில் அழுதாள். "மாமா, ப்ளீஸ். அம்மா நான் சொன்னாக் கேக்க மாட்டா. அவவுக்கு நான் இன்னும் பேபி. யூ டோக் டு ஹெர், மாமா."

வியாழக்கிழமை அக்கா இரண்டாவது படியில் நின்றார்.

வெள்ளிக்கிழமை கடைசியாக ஒன்று முயன்றேன். "அக்கா, உது சாதாரணமான கல். கரையில நிறையக் கிடக்கு."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "பதினொரு வருசமா உனக்கு ஒண்டும் கிடைக்கேல்லை எண்டு நீதானே கத்தினனி? எத்தினை பேர் கேட்டவை. எனக்கு, கதிரையில இருந்த இடத்தில, காலுக்குக் கிட்ட வந்து கிடக்கு. அப்ப அது ஆருக்கு வந்தது, சொல்லு."

 அதனால்தான் சனிக்கிழமை விடிய சட்டனில் ரயில் ஏறினேன். இரண்டாவது ஒன்றைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தால் விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

முனை

படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்த கற்களை ஆட்கள் ஏற்கெனவே பொறுக்கிவிட்டிருந்தார்கள். எண்ணிக்கை எண்ணூற்றுச் சொச்சத்தில் இருந்தபோது நான் வெள்ளைப் பாறை முனையைச் சுற்றி அடுத்த வளைவுக்குள் போனேன். அங்கே மேலே ஏறப் படி கிடையாது. வந்த வழிதான் போகும் வழி. கடல் வற்றியிருக்கும்போது மட்டுமே அந்த வழி உண்டு. இதெல்லாம் எனக்குத் தெரியும். பன்னிரண்டு மணிக்குத் திரும்புவது என்று முடிவும் செய்திருந்தேன்.

ஆனால் எண்ணிக்கொண்டிருப்பவன் இடையில் நிறுத்துவது கடினம். ஆயிரத்து ஐந்நூறு வரை பார்ப்போம் என்றேன். பிறகு அறுநூறு.

ஆயிரத்து அறுநூற்று நாற்பத்திரண்டாவது கல் பாதி மணலில் புதைந்திருந்தது. தோண்டி எடுத்துக் கடல்நீரில் அலசினேன். ஐந்து இதழ். முன்னால் பள்ளம். சாம்பல் நிறம், கறை எதுவும் இல்லை. முழு இருதயம்.

கோட்டின் உள்பையில் போட்டு ஸிப்பை இழுத்து மூடிவிட்டு நிமிர்ந்தேன். மணி பன்னிரண்டு நாற்பத்தைந்து. முனையில் மணல் இல்லை. பாறையின் அடியில் வெள்ளையாய் நுரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஓடினேன் என்று எழுத ஆசை. சிக்கிமுக்கிக் கற்களின் மேல் எழுபத்துமூன்று வயதில் ஓட முடியாது. தடுமாறிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருந்தது. அலை வந்தால் இடுப்பு. கைபேசியை எடுத்தேன். சிக்னல் இல்லை; தண்ணீர் புகாத உறையோடு உள்பையில் திருப்பி வைத்தேன். பின்னால், நான் கொஞ்ச நேரத்துக்கு முன் குனிந்திருந்த இடத்தில், பாறைச் சுவரிலிருந்து ஒரு கை அளவு சுண்ணம் கழன்று விழுந்தது. அதைத் தொடர்ந்து சிறு கற்கள் பொலபொலவென்று சரிந்தன. சத்தம் அடங்கிய பிறகும் நான் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே திரும்பிப் போய் நிற்கவும் வழி இல்லை.

அப்போது மனதில் வந்தது பயம்கூட இல்லை, எரிச்சல். நான் இங்கே செத்தால் திங்கட்கிழமை யார் ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்வது? "தம்பியே போயிட்டான், எனக்கு என்னத்துக்கு" என்று அக்கா கதிரையில் உட்கார்ந்துவிடுவார். கல் லேஸ் துணியில் இருக்கும்.

அலைகளை எண்ணினேன். பெரியவை மூன்று சேர்ந்து வந்தன. பிறகு ஒன்பது சிறியவை. மீண்டும் மூன்று பெரியவை. அடுத்தது பதினொரு சிறியவை. முதுகுப்பையில் இருந்த கற்களை எல்லாம் கொட்டினேன். மூன்றாவது பெரிய அலை திரும்பியதும் பாறையைத் தடவிக்கொண்டு இறங்கினேன்.

நான்கு சிறிய அலை வரை சரியாகப் போனது. ஐந்தாவதில் பாசி வழுக்கி விழுந்தேன். தண்ணீர் காதுக்குள் போனது. மூக்குக்கண்ணாடி போனது. ஒரு சப்பாத்தும் கழன்று போனது. வலது முழங்கால் எதிலோ மோதியது. எழும்பி நிற்பதற்குள் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. இது எத்தனையாவது அலை, அடுத்து வருவது சிறியதா பெரியதா, ஒன்றும் தெரியவில்லை.

என் வாழ்க்கையில் எண் தெரியாமல் நடந்த தூரம் அதுதான். எத்தனை அடி என்று இன்றும் சொல்ல முடியாது. நெஞ்சில் ஒரு அலை அறைந்து பாறையோடு சாத்தியது. அது திரும்பும்போது நான் முன்னால் போனேன். பிறகு காலின் கீழே மணல் இருந்தது.

படிக்கட்டில் நாயோடு நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெண் துடைத்துக்கொள்ளத் துவாயைத் தந்தார். நாயின் துவாய். அம்புலன்ஸ் கூப்பிடவா என்றார். வேண்டாம், ரயிலுக்கு நேரமாகிறது என்றேன். என் ஒற்றைச் சப்பாத்தைப் பார்த்தார். பஸ் தரிப்பு வரை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

இரண்டு இருதயங்கள்

வீடு சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அக்கா யன்னலோரக் கதிரையில் இருந்தார். வாசலில் நான் நின்ற கோலத்தைப் பார்த்து வாயைத் திறந்தார். அவர் பேசுவதற்கு முன் நான் கோட்டு ஸிப்பைத் திறந்து, கல்லை எடுத்து, லேஸ் துணியில் மற்றதற்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இந்தாங்கோ. இரண்டாவது."

அக்கா புதிய கல்லை எடுத்துப் புரட்டினார். பழையதையும் எடுத்தார். இரண்டு கையிலும் இரண்டு. நெடுநேரம் பார்த்தார்.

"அச்சாவா, வடிவா இருக்கு," என்றார்.

"அக்கா, விளங்குதே? இது ஒண்டுதான் எண்டு இல்லை. தேடினால் இன்னும் கிடைக்கும்."

"இந்தப் பங்கில எத்தினை வீட்டில திரு இருதயப் படம் மாட்டிக் கிடக்கு? நீதான் எல்லாம் எண்ணுறவன், சொல்லு பாப்பம். அவ்வளவு கிடக்கு எண்டு எங்கடை வீட்டுப் படம் பொய்யே?"

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆயிரத்து அறுநூற்று நாற்பத்திரண்டு கற்கள். அவர் இரண்டே கேள்வியில் முடித்துவிட்டார்.

"சப்பாத்து எங்கை?"

"கடலில."

"கண்ணாடி?"

"அதுவும்."

"காலைக் காட்டு." காட்டினேன். முழங்காலில் இரத்தம் காய்ந்து காற்சட்டையோடு ஒட்டியிருந்தது. நடந்ததைக் கேட்டார். சொன்னேன். முனை, அலை, எண்ணிக்கை விட்டுப்போனது எல்லாம். சொல்லிக்கொண்டு வரும்போது என் பற்கள் அடித்துக்கொண்டன. குளிர் என்றுதான் நினைத்தேன்.

"விசரா, விசரா. ஒரு கல்லுக்காகவோ போய்ச் சாகப் பாத்தனி?"

"கல்லுக்கில்லை." மாடிப்படிப் பக்கம் கையைக் காட்டினேன். "நீங்கள் ரெண்டாவது படியில நிக்கிறியள் அக்கா. அடுத்தது ஒண்டு. அதுக்குப் பிறகு எண்ண ஒண்டும் இல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு."

அக்கா இரண்டு கற்களையும் துணியில் வைத்தார். முன்னறையில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை எட்டி நிறுத்தினார்.

"பயம் எண்டு நீ ஒருக்காலும் சொல்லேல்லையே."

"சொன்னனான் தானே, நூறு பேரில..."

"அது கணக்கடா. நூறு பேரில எண்டால் அது ஆரோ நூறு பேர். நீ ஆஸ்பத்திரிக் கணக்கைச் சொல்லச் சொல்ல, உனக்கு ஒரு கரைச்சலும் இல்லை, என்னை அனுப்பி முடிச்சாக் காணும் எண்டெல்லோ நான் நினைச்சன்." கண்ணைத் துடைத்தார். "எனக்கு மட்டும் பயம் இல்லையே? கத்தி எண்டால் ஆருக்குத் தம்பி பயமில்லை? கல்லைக் கண்டவுடன ஒரு சாட்டுக் கிடைச்சுது."

 பிறகு அக்கா சுடுதண்ணீரும் டெட்டோலும் கொண்டுவரச் சொன்னார். நானே போய் எடுத்து வந்தேன். முழங்காலைத் துடைத்தபடியே பேரம் பேசினார்.

"திங்கள் ஓம் எண்டு சொல்லுறன். ஆனா நான் உள்ளுக்குக் கிடக்கேக்கை நீ கோயிலுக்குப் போய் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்த வேணும். நீ. ஜெனி இல்லை."

"நான் கோயிலுக்குப் போய் முப்பத்திரண்டு வருசம் அக்கா."

"அப்ப எனக்கும் ஏலாது."

"சரி. கொளுத்திறன்."

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மருத்துவமனைத் தாதி அழைத்தபோது அக்கா கைபேசியை என் கையிலிருந்து பறித்தார். "யெஸ் டார்லிங், ஐ கம்மிங்," என்றார். நான் மாடிப்படியில் உட்கார்ந்தேன். எத்தனையாவது படி என்று பார்க்கவில்லை.

ஒரு திரி

சத்திரசிகிச்சை எட்டு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை. கல்லையும் கொண்டு போனார், கறை உள்ள பழையதை. உள்ளே விட மாட்டார்கள் என்று நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். தாதி சிரித்தபடி அதை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, அக்காவின் பெயரை ஒட்டி, அவருடைய உடுப்புகளோடு வைத்தார். ஐந்து மணித்தியாலம் ஆகலாம் என்றார்கள். ஜெனி அங்கே இருந்தாள். நான் எங்கள் பங்குக் கோயிலுக்குப் போனேன்.

உள்ளே யாரும் இல்லை. அந்தோனியார் சுரூபத்தின் முன்னே திரிகளும் இரும்புக் காணிக்கைப் பெட்டியும் இருந்தன. திரி ஒன்று ஒரு பவுண்ட் என்று எழுதியிருந்தது. கார்ட் தட்டும் கருவியில் விளக்கு எரியவில்லை. பேர்சில் ஒரேயொரு இருபது பவுண்ட் தாள். திரியைக் கொளுத்திவிட்டு, கடையில் மாற்றிக்கொண்டு வந்து ஒரு பவுண்டைப் போடுவோம் என்று நினைத்தேன்.

கொளுத்தினேன். திரி பற்ற மூன்று குச்சி.  அக்காவின் பெயரைச் சொன்னேன். வயதைச் சொன்னேன். வேறு ஒன்றும் வரவில்லை. சுவாலை ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நேரத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

கைபேசி அடித்தது. ஜெனி. ஐந்து மணித்தியாலம் இன்னும் ஆகவில்லை. முன்கூட்டியே வரும் அழைப்பு நல்லதற்கா, கெட்டதற்கா? எடுக்காமல் இரண்டு முறை அடிக்கவிட்டேன்.

"மாமா?" அவள் அழுதுகொண்டிருந்தாள். "மாமா, முடிஞ்சுது. வால்வ் போட்டாச்சாம். ஷி இஸ் ஓகே. அம்மா ஓகே, மாமா. கேக்குதா?"

"ஓம்," என்றேன். "கேக்குது."

பெட்டியின் துவாரம் சிறியது. இப்போதைய தாள் பிளாஸ்டிக். மடித்தால் மடங்காமல் விரியும். நகத்தால் அழுத்தி அழுத்தி இருபது பவுண்டையும் உள்ளே தள்ளிவிட்டேன். மிச்சப் பணத்தைப் பற்றி அந்தோனியாரிடம் பேச்செடுக்கவில்லை.

என் செலவுக் கணக்கு: ரயிலும் பஸ்ஸும் முப்பத்துநாலு பவுண்ட் அறுபது. புதுச் சப்பாத்து நாற்பத்தைந்து. கண்ணாடி முப்பத்திரண்டு. திரி இருபது. எல்லாம் சேர்த்து நூற்று முப்பத்தொரு பவுண்ட் அறுபது பென்ஸ்.